பதினான்கு மூட்டுகள்

இந்த அறையின் மின்விசிறி லேசாக ஆடுகிறது. பயப்பட ஒன்றுமில்லை. ஓர் இறக்கையின் திருகு அரைச் சுற்று தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். யாரையாவது ஸ்டூல் போட்டு ஏறி முடுக்கச் சொல்லுங்கள். நேற்று நீங்கள் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்ததைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சார். பத்தொன்பது வருடமாக அளவு பார்க்கிற வேலை. குறை எங்கே இருக்கிறதோ அங்கே கண் தானாகப் போய் நின்றுவிடுகிறது.

வாயால் சொன்னால் நடுவில் யாராவது ஏதாவது கேட்பார்கள், நானும் முன்னுக்குப் பின்னாகச் சொல்லிவிடுவேன். அதனால்தான் காகிதமும் பேனாவும் கேட்டேன். என்னை யாரும் மிரட்டவில்லை. டீகூட வாங்கிக் கொடுத்தார்கள். அதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன்.

எங்கள் பட்டறை பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிறது. மொத்தம் பதினோரு பேர். முன்பக்கம் மூன்று சி.என்.சி. மிஷின்கள், நடுவில் ஃபினிஷிங் மேஜை, கடைசியில் கண்ணாடித் தடுப்பு போட்ட என் அறை. அளவுக் கருவிகளுக்காக அங்கே மட்டும் ஏ.சி. உண்டு. வெயில் காலத்தில் ஆளாளுக்கு ஒரு சாக்கு வைத்துக்கொண்டு உள்ளே வந்து நின்று முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள். நாங்கள் செய்வது பெரிய ட்ரோன்களுக்கான பாகங்கள். விசேஷ வீடுகளில் படமெடுக்கப் பறக்குமே, அந்தச் சின்ன ரகம் இல்லை. இது ஒரு கார் அளவுக்கு இருக்கும். ஆறு கைகள், ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு விசிறி. நாற்பது கிலோ மருந்தைத் தூக்கிக்கொண்டு மலை தாண்டி ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். லாரியில் ஏற்றும்போது அந்தக் கைகளை மடக்கிவைக்க வேண்டும். மடங்குகிற இடத்தில் நம் முழங்கை மாதிரி ஒரு மூட்டு இருக்கிறது. அதுதான் எங்கள் வேலை.

நான்கு கிலோ அலுமினியக் கட்டியாக மிஷினுக்குள் போகும். முந்நூற்றுப் பத்து கிராம் மூட்டாக வெளியே வரும். மீதியெல்லாம் சுருள் சுருளாகச் சீவல். சில இடங்களில் சுவர் ஒரு மில்லிமீட்டர்தான், அழுத்திப் பிடித்தால் வளைந்துவிடும். மிஷின் என்னதான் ஒழுங்காக வெட்டினாலும் ஓரங்களில் பிசிறு நிற்கும். அதைக் கையால்தான் எடுக்க வேண்டும். அதிலும் மூட்டின் உள்மூலை இருக்கிறதே, அங்கே ஒரு கீறல்கூட விழக் கூடாது. ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது இல்லாவிட்டால் பாக்கெட்டைப் பல்லால் கடித்தாலும் கிழியாது. இருந்தால் ஒரு இழுப்பில் போய்விடும். உள்மூலையில் விழுகிற கீறல் அந்த வெட்டு மாதிரிதான். விசிறி சுற்றச் சுற்ற, அதிர அதிர, கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறக்கும்.

என் வீட்டுக்காரர்தான் ஃபினிஷிங் மேஜையில் இருந்தார். அவரைப் பட்டறையில் எல்லோரும் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளிகூட "தராசு அண்ணே" என்பார். கை அப்படி. கண்ணை மூடிக்கொண்டு சுண்டுவிரலால் உள்மூலையை ஒரு தடவு தடவிவிட்டு, இத்தனை மைக்ரான் என்று சொல்வார். ஒரு மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நான் கருவியில் வைத்துப் பார்த்தால் அதேதான் இருக்கும். ஒரு தடவை அவரைச் சோதிக்க என் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி, நாலு தாளுக்கு அடியில் வைத்துக் கொடுத்தோம். தடவிப் பார்த்து, "முடி இருக்கு. நரைமுடி" என்றார். நரைமுடி என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, "உன் தலையில கறுப்பு எங்க இருக்கு?" என்றார். ஒரு வாரம் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவர் முடித்த ஒரு மூட்டைத் திருப்பி அனுப்பினேன். அதுவரை அவர் வேலையை யாரும் திருப்பியதில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார்.

"இதுல என்ன குறை?"

"நாலு மைக்ரான் ஜாஸ்தி."

தடவிப் பார்த்தார். "மூணு."

மறுபடி வைத்து அளந்தேன். மூன்றுதான். "மூணும் தப்புதான்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். என் மேஜையிலிருந்த சிவப்புச் சீட்டை அவரே எடுத்து, மூட்டில் கட்டி, ரிஜெக்ஷன் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார். அடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. "பார்த்த முதல் நாளே என்னை ரிஜெக்ட் பண்ணினவ. வேற வழியில்லாம கட்டிக்கிட்டேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். வீட்டில் என்னை ரிஜெக்ட்டு என்றுதான் கூப்பிடுவார். குழந்தை இல்லை. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் கண்ணாடி முன்னால் நின்று சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தார். நான் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பட்டன் போகவே இல்லை. ஓட்டைக்குப் பக்கத்தில் போகும், நழுவும். வலது கை கட்டைவிரல் யாரோ பிடித்து ஆட்டுவது போல ஆடிக்கொண்டிருந்தது. நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போய், தினமும் செய்கிற காரியம் மாதிரி மீதிப் பட்டன்களைப் போட்டுவிட்டேன்.   அன்றிலிருந்து நான்தான் பட்டன் போட்டுவிடுவேன். காபி டம்ளரை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார், நான் அடியில் ஒரு கை கொடுத்துக்கொள்வேன்.

டாக்டர் அந்த வியாதிக்கு ஒரு பெயர் சொன்னார். வேளைக்கு ஒன்றாக மாத்திரை எழுதினார். தூக்கம் சரியில்லை என்றதும் அதற்கும் தனியாக ஒன்று எழுதினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் சொன்னார், "நான் வேலையை விட்டு நின்னுக்கறேன்மா. கை சொன்ன பேச்சைக் கேக்கல. மூட்டெல்லாம் கெட்டுப்போகும்."

"மாத்திரை பிடிக்கட்டும். அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றேன்.

"வீட்ல உக்காந்து ரேடியோ கேக்கறேன். நீ போய்ட்டு வா. சாயங்காலம் வந்து பட்டறைக் கதையெல்லாம் சொல்லு."

இப்படி மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் நான்தான் வேண்டாம் என்றேன். அவர் மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னேன். அந்த மேஜையை விட்டு எழுந்தால் அவர் ஒரு மாதத்தில் உருக்குலைந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். வீட்டு நாற்காலியில், மடியில் கையை வைத்துக்கொண்டு, அந்தக் கை ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். நான் கதவைத் திறந்து வரும்போது தினமும் அதைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

மேஜையில் அவர் நேர்மையாகத்தான் இருந்தார். கை நழுவி உள்மூலையில் கீறல் விழுந்தால், மறைக்க மாட்டார். அவரே சிவப்புச் சீட்டு கட்டி, பெட்டியில் போட்டு, தன் சட்டைப்பையில் இருக்கும் குட்டி நோட்டில் மூட்டின் எண்ணைக் குறித்துக்கொள்வார். முதல் மாதம் இரண்டு. அடுத்த மாதம் ஐந்து. முதலாளி சனிக்கிழமைதோறும் ரிஜெக்ஷன் பெட்டியைத் திறந்து பார்ப்பது வழக்கம். அதனால் வெள்ளிக்கிழமைகளில், எல்லோரும் சாப்பிடப் போயிருக்கும்போது, நான் முதலில் திறந்து பார்க்க ஆரம்பித்தேன்.

முதலாவதில் கீறலின் ஆழம் எட்டு மைக்ரான். எட்டு மைக்ரான் ஒன்றுமே இல்லை. டிராயிங் போடுகிறவர்கள் பயந்த சுபாவம் உள்ளவர்கள். பத்துப் பேர் ஏறுகிற லிஃப்டில் ஆறு பேர் என்று எழுதிவைப்பார்கள். சீட்டை அவிழ்த்தேன். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தேன். பாஸ் முத்திரை குத்தி, போகிற பெட்டியில் அடுக்கிவிட்டேன். ஒவ்வொரு மூட்டோடும் போகிற வேலை கார்டில் ஃபினிஷிங் செய்தவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுத முடியாது, தான் சிவப்பு போட்ட எண் அவருக்குத் தெரியும். அதனால் குருவி பெயரை எழுதினேன்.

குருவி எங்கள் இரண்டாவது மிஷினின் ஆபரேட்டர். முப்பத்தெட்டு வயதிருக்கும். ஒல்லியாக இருப்பான், விசிலடித்துக்கொண்டே வேலை செய்வான், அதனால் குருவி. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாட்களில் அவன்தான் மேஜையில் உட்காருவான். ஏன் அவன் பெயர் என்று கேட்டீர்கள். அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அவன் கையெழுத்து சுலபமானது. ஒரு வளைவு, ஒரு கோடு, முடிந்தது.

இப்படிப் பதின்மூன்று மூட்டுகள் போயின. பதின்மூன்றும் நன்றாகவே பறந்தன. புகார் ஒன்றுகூட வரவில்லை. வந்திருந்தால் நிறுத்தியிருப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் பெட்டிக்குப் போவதற்கு முன்பே முதலாளி அங்கே நின்றுகொண்டிருந்தார். உள்ளே அந்த வாரம் ஒரே ஒரு மூட்டு. அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "தராசு அண்ணனுக்கு முடியல போலிருக்கேம்மா. அடுத்த மாசத்திலிருந்து பாக்கிங்ல உக்காரட்டும். சம்பளம் அதேதான்" என்றார். நல்ல மனிதர், குரலில் ஏளனம் எதுவும் இல்லை. பாக்கிங் என்றால் அட்டைப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, டேப் ஒட்டுகிற வேலை. "அது கை நழுவினது இல்ல சார். மிஷின்லயே வந்த கோடு. தேய்ச்சா போயிடும். நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லி, அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

அதன் எண் நானூற்றுப் பதினேழு. ஆழம் முப்பத்தாறு மைக்ரான். உள்மூலையில், வளைவுக்குக் குறுக்காக. தேய்த்தேன். மேலே பளபளவென்று ஆகிவிட்டது. தேய்த்தால் கீறல் போகாது. உலோகம் மேலே மூடிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். சிவப்புச் சாயம் ஊற்றித் துடைத்து, வெள்ளைப் பவுடர் தூவிப் பார்க்கிற ஒரு சோதனை உண்டு. உள்ளே பிளவு இருந்தால் பவுடரில் சாயம் ஊறித் தெரியும். அதையும் செய்தேன். நான் கடமையில் தவறவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். பத்து நிமிடம் காத்திருந்தேன். வெள்ளைப் பவுடரின் நடுவில், நூல் மாதிரி, சிவப்பாக ஒரு கோடு எழுந்து வந்தது.

நான் அதைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். பிறகு பவுடரைக் கழுவி, துடைத்து, முத்திரை குத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் விளக்குக்கடியில் குனிந்து, வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, அடுத்த மூட்டுக்குப் பிசிறு எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு ஒரு நாள், பேச்சுவாக்கில், முதலாளி பாக்கிங் விஷயத்தை அவரிடமே நேராகக் கேட்டிருக்கிறார் என்று தெரிந்தது. "பாக்கிங்கா? ரொம்ப நல்லது சார், நானே கேக்கணும்னு இருந்தேன்" என்று இவர் சொன்னாராம். அது வாயால் சொன்னது. மனதில் என்ன இருந்தது என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்த மாதம் பாக்கிங்குக்குப் போய்விட்டார், அதற்குப் பிறகு நான் பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த மூட்டு ஏழு மாதம் தாங்கியது. மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தினமும் ஒரு நடை. ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் ஒன்றரை மணிக்கு, ஆஸ்பத்திரி மைதானத்துக்கு மேலே ட்ரோன் இறங்கிக்கொண்டிருந்தபோது அதன் ஒரு கை மடங்கிவிட்டது. மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கிற பெண் பெட்டியை வாங்க வெளியே வந்து நின்றிருந்தாள். இருபத்தொன்பது வயது. மஞ்சள் கோட்டுக்குப் பின்னால்தான் நின்றாள், சட்டம் சொன்ன இடத்தில். அவள் மேல் எந்தத் தவறும் இல்லை என்று எல்லா அறிக்கையிலும் இருக்கிறது.

நான் அவள் வீட்டுக்குப் போனேன். இதை நேற்று உங்களிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பஸ் பிடித்துப் போனேன். ஒற்றை அறை, ஒரு கட்டில், சுவரோரமாகத் தையல் மிஷின். அவளுடைய அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். "நீ யாரும்மா?" என்று கேட்டார். "தெரிஞ்சவதாம்மா" என்றேன். அவர் மடியில் ஒரு டிபன் டப்பா இருந்தது.

"பாதிதான் சாப்பிட்டிருக்கா. அது சீக்கிரமா வந்துடுச்சாம். வந்து மீதியச் சாப்பிடலாம்னு மூடி வச்சிட்டு எழுந்து போயிருக்கா. எனக்குக் கழுவ மனசு வரலம்மா."

நான் அதை வாங்கிப் போய்க் கழுவி, கவிழ்த்து வைத்தேன். மூன்று நாள் ஆகிவிட்டது, அப்படியே விட்டால் நாற்றம் வந்துவிடும். அந்த அம்மா டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சத்தம் போட்டு அழ ஆரம்பித்துவிட்டார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு, கடைசி பஸ் போய்விடுமே என்று கிளம்பிவிட்டேன்.

விசாரணைக்காரர்கள் வந்தார்கள். உடைந்த மூட்டில் எண் பொறித்திருந்தது. கார்டை எடுத்தார்கள். குருவியின் பெயர் இருந்தது. சாயச் சோதனை செய்தாயா என்று என்னைக் கேட்டார்கள். செய்தேன், கோடு எதுவும் இல்லை, அதற்கப்புறம் யாராவது மேஜையில் வைத்து மறுபடி தொட்டிருக்கலாம் என்றேன். குருவி என் ஜன்னலுக்கு வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, நான் அந்த மூட்டைத் தொட்ட மாதிரியே ஞாபகம் இல்லக்கா. கார்டைக் கொஞ்சம் பாருங்கக்கா."

"பார்த்தேன் தம்பி. உன் கையெழுத்துதான் இருக்கு."

"என் கையெழுத்துதானா?"

"நீயே பாரு."

ரொம்ப நேரம் பார்த்தான். "என்னோடதுதான்" என்றான். அவன் வாயாலேயே சொன்னான். அன்று சாயங்காலம் அவனை அழைத்துப் போனார்கள். இப்போது நான்கு மாதம் ஆகிறது.

உடைந்த மூட்டின் எண் என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. அந்தச் செய்தியை அவர் படிக்க முடியாதபடி நான் பார்த்துக்கொண்டேன். பேப்பர் வராதபடி நிறுத்தினேன். உடம்புக்கு ஆகாது என்று பட்டறைக்கு விடுப்பும் சொல்லிவிட்டேன். கடைசியில் அவர் வீட்டு நாற்காலியில்தான் உட்கார்ந்தார். ரேடியோ கேட்டார். நான் நினைத்த அளவுக்கு உருக்குலையவில்லை, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சதைகூடப் போட்டார். ஆனால் குருவியை நினைத்து நினைத்து மாய்ந்துபோனார். "அவன் அப்படி விடற ஆள் இல்லம்மா. நான் பக்கத்துல இருந்திருந்தா பார்த்திருப்பேன்" என்று தினமும் சொல்வார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மத்தியானம் குருவியின் மனைவி வந்தாள். கையில் குற்றப்பத்திரிகையின் நகல். அதில் இருக்கிற பட்டறை விஷயமெல்லாம் அவளுக்குப் புரியவில்லை, படித்துச் சொல்லச் சொல்லி இவரிடம் நீட்டினாள். "அவரே இப்ப, 'நான்தான் பண்ணிட்டு மறந்துட்டேனோ'ன்னு சொல்றாருண்ணா. எனக்குப் பயமா இருக்கு" என்றாள். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு இடத்தில் நின்றார். எழுந்து போய், ஆணியில் மாட்டியிருந்த பழைய சட்டையின் பையிலிருந்து அந்தக் குட்டி நோட்டை எடுத்தார். பக்கங்கள் நடுங்க நடுங்கப் புரட்டினார். பிறகு அவளிடம், "நீ வீட்டுக்குப் போம்மா. உன் புருஷன் வந்துடுவான். நான் பார்த்துக்கறேன்" என்றார்.

அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது நான் சிவப்பு போட்டது."

நோட்டில் அந்த எண்ணுக்கு அடியில் விரலை வைத்துக் காட்டினார்.

"பெட்டியில போட்டது எப்படி வெளிய போச்சு?"

"நான்தான் எடுத்தேன்."

"எத்தனை?"

"பதினாலு."

அவர் கணக்குப் போட்டதை முகத்தில் பார்த்தேன். "அப்ப இன்னும் பதிமூணு மேல இருக்கு" என்றார். அந்தப் பெண்ணைப் பற்றியோ குருவியைப் பற்றியோ அவர் முதலில் கேட்கவில்லை. பதின்மூன்றைப் பற்றித்தான்.

"நல்லாத்தான் பறக்குது" என்றேன்.

"யாருக்காக இதைப் பண்ணினே?"

"உங்களுக்காகத்தான்."

"நான் கேட்டேனா?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும். நோட்டை மூடிக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "சட்டை எடு. இன்னிக்கே போய் நம்பரெல்லாம் குடுத்துடணும். ஒவ்வொண்ணா இறக்கச் சொல்லணும்" என்றார். வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவரே பட்டன் போட்டுக்கொள்ளப் பார்த்தார். முதல் பட்டனுக்கே கை நிற்கவில்லை. மூன்று தடவை முயன்றுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, "போட்டு விடும்மா" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கப் போவதற்கும் அவருக்கு நான்தான் பட்டன் போட்டுவிட வேண்டியிருந்தது.

காபி கலக்கும்போதுதான் அந்த எண்ணம் வந்தது என்று நேற்று சொன்னேன். அது சரியில்லை, திருத்திக்கொள்கிறேன். இரண்டாவது பட்டனுக்கும் மூன்றாவது பட்டனுக்கும் நடுவில் வந்தது. "வெறும் வயித்துல போனா தலை சுத்தும். ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போலாம். நானும் வரேன்" என்றேன். அவர் தலையாட்டினார். நம்பிவிட்டார். அளவு விஷயத்தில் என் மனைவி பொய் சொல்ல மாட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர்.

தூக்க மாத்திரை எத்தனை என்பது பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருக்கிறது. சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், நான் அடியில் கை கொடுத்துக்கொண்டேன். "கசக்குதே" என்றார். "தூள் மாத்தியிருக்கேன்" என்றேன். முழுவதும் குடித்தார். செருப்பு போட்டுக்கொள்ள உட்கார்ந்தவர், அப்படியே கட்டிலில் சாய்ந்தார். "அஞ்சு நிமிஷம்" என்றார். பிறகு, "ரிஜெக்ட்டு, எழுப்பி விடு" என்றார்.

அந்த வியாதியில் ஒரு வினோதம் உண்டு, டாக்டர் சொல்லியிருந்தார். தூங்கினால் நடுக்கம் நின்றுவிடும். நான் கட்டிலோரமாக உட்கார்ந்து அவருடைய வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வெயில் ஜன்னல் கம்பி வழியாக விழுந்திருந்தது. கை ஆடவே இல்லை. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் என் ஜன்னலில் மூட்டை நீட்டிய அதே கை. சூடு போகிறவரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் அழுதேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார். இத்தனை நாளில் அன்றுதான் அழுதேன்.

எழுந்த பிறகு, அடுப்பில் வைத்து நோட்டை எரித்தேன்.

நானாக ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். மாட்டிக்கொண்டு வரவில்லை. முதலாளி உங்களிடம், கொஞ்ச நாளாகவே தராசு அண்ணனுக்குக் கை நடுங்கியது, அவர்தான் கெடுத்திருப்பார், அந்தக் குற்ற உணர்ச்சியில் மாத்திரையை விழுங்கிவிட்டார் என்று சொன்னாராம். நீங்களும் அப்படியே எழுதி முடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அப்படி எழுதினால் குருவி வெளியே வந்துவிடுவான், எல்லோருக்கும் வசதிதான். ஆனால் அது பொய். அவர் எதையும் கெடுத்துவிட்டு மறைக்கவில்லை. தானாகச் சாகிற கோழையும் இல்லை. சட்டை போட்டுக்கொண்டு நியாயம் சொல்லப் புறப்பட்ட மனிதர். கீறல் என்று தெரிந்தும் மூட்டைப் பாஸ் செய்தவள் நான். குருவியின் கையெழுத்தைப் போட்டவள் நான். அந்தப் பெண் செத்ததும் என்னால். அவருக்குக் காபியில் கலந்து கொடுத்தவளும் நான்தான். எந்தத் தண்டனை என்றாலும் சரி, பேரம் பேச மாட்டேன்.

மீதிப் பதின்மூன்றின் எண்களை நேற்றிலிருந்து நான்கு முறை கேட்டுவிட்டீர்கள். இன்று காலை கெஞ்சாத குறையாகக் கேட்டீர்கள். குருவி பெயர் போட்ட கார்டுகளே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, எது அவன் போட்டது, எது நான் போட்டது என்று அவனுக்கே தெரியாது. ஆயிரத்துக்கும் மேலான மூட்டுகள் எத்தனையோ ஊர்களில் பறந்துகொண்டிருக்கின்றன, எல்லாவற்றையும் இறக்கிப் பிரித்துப் பார்த்தாலும் நான் தேய்த்த இடம் சுலபத்தில் தெரியாது என்பதும் உங்களுக்குத் தெரியும். எண்கள் எனக்கு மறக்கவில்லை. ஒவ்வொன்றும், அதன் ஆழமும், மனப்பாடமாக இருக்கிறது. ஆனால் சொல்ல மாட்டேன். சொன்னால் இறக்கிவிடுவீர்கள், சிவப்புச் சீட்டு கட்டுவீர்கள், அதில் அவர் பெயரை எழுதுவீர்கள். நான் அவருக்காகச் செய்ததில் மிச்சம் இருப்பது அவை மட்டும்தான். அவை மேலே பறந்துகொண்டிருக்கும்வரை அவர் கை நடுங்கவே இல்லை.